டிரம்மில் கலர் பிரிண்ட் போடும்போது வரும் திட்டுகள்: மூடிப் பக்கம் எது?

காசிமேட்டில் விடியற்காலை எடுத்த படம் அது. பாதிக்கு மேல் வெறும் வானம், கீழே படகுகள். வெளிச்சம் புகாத உருளைக்குள் தாளைச் சுருட்டி வைத்து, ரசாயனம் ஊற்றி உருட்டிக் கழுவுவோமே, அந்த டிரம்மில் நான் போட்ட முதல் சில 8-க்கு 10 அங்குலக் கலர் பிரிண்ட்களில் ஒன்று. கழுவி எடுத்து டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்தேன். படகெல்லாம் நன்றாகத்தான் வந்திருந்தது. வானம் மட்டும் ஒரு பக்கம் வெளிறி, மறுபக்கம் அழுக்கேறி, நடுவில் ரோஸ் நிறத்தில் ஒரு தேமல். வலையும் கயிறும் ஐஸ் பெட்டியும் அடைத்துக்கொண்டிருந்த கீழ்ப்பாதியிலும் அந்தத் தேமல் இருந்திருக்கும், கண்ணுக்குத் தெரியவில்லை. வானம், சுவர், முகம் என்று ஒரே நிறமாக விரியும் இடங்கள்தான் டிரம்மின் குறையைக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்த மூன்று ராத்திரி நான் செய்தது எல்லாமே தப்பு. டெவலப்பரைப் புதிதாகக் கலக்கினேன், நேரத்தைக் கூட்டினேன், ஃபில்டரைத் திருகினேன், அதுவும் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில். பன்னிரண்டு தாள் போயிற்று. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவிலேயே ஒருவர் இருக்கிறார், கலர் லேபில் பல வருடம் மெஷின் ஓட்டியவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பன்னிரண்டையும் அவர் முன்னால் வைத்தேன். சீட்டுக்கட்டு மாதிரி புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"இதுல மூடிப் பக்கம் எதுப்பா?"

தெரியலைண்ணே என்றேன்.

"அப்ப இன்னாத்த வெச்சுக் கண்டுபுடிப்ப?"

கறை எந்த நிறம் என்பதைவிட டிரம்முக்குள் எந்த இடத்தில் விழுந்தது என்பது முக்கியம். இடம் தெரிந்தால் பாதிக் காரணம் தெரிந்த மாதிரி. என்லார்ஜரில் நெகட்டிவ் போட்டு, இருட்டில் தாளை டிரம்முக்குள் விட்டு, டெவலப்பரும் (படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம்) பிளிக்ஸும் (தாளில் உள்ள வெள்ளியை நீக்கிப் படத்தை நிலைக்க வைக்கும் ரசாயனம்) ஊற்றத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கலர் தாளைக் கழுவும் ஆர்ஏ-4 முறையைத்தான் சொல்கிறேன். 1980-களில் கோடாக் கொண்டுவந்தது. இன்றும் கலர் லேப்களில் டிஜிட்டல் மெஷின் துப்பும் தாள்கள்கூட இதே ரசாயனத்தில்தான் கழுவப்படுகின்றன.

முதல் வேலை: தாளுக்கு அடையாளம்

இருட்டில் தாளை உள்ளே விடுவதற்கு முன், படம் விழும் பக்கம் உங்களைப் பார்க்க, மூடிப் பக்கம் போகும் ஓரம் மேலே இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். வலது மேல் மூலையைக் கத்தரிக்கோலால் கடுகளவு நறுக்குங்கள். அவ்வளவுதான். மூடி எந்தப் பக்கம், தாள் எந்த வாக்கில் சுருண்டிருந்தது என்ற இரண்டையும் அந்த நறுக்கு பிறகு சொல்லிவிடும். ஒவ்வொரு தாளிலும் ஒரே மாதிரி செய்யுங்கள். இன்றைக்கு வலது, நாளைக்கு இடது என்றால் பயனில்லை.

படம் விழும் பக்கம் எது என்று இருட்டில் தெரியாதவர்கள், ஒரு மூலையை ஈர உதட்டில் லேசாக வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அதுதான் எமல்ஷன் பக்கம். நம்மில் பலர் லேபிலிருந்து உருளைப் பேப்பர் வாங்கி வெட்டிக்கொள்கிறோம். உருளைத் தாளின் வளைவை நம்பவே நம்பாதீர்கள். எப்படிச் சுற்றப்பட்டதோ அப்படித்தான் அது வளையும். தாள் தலைகீழாக, எமல்ஷன் டிரம்மின் சுவரைப் பார்த்தபடி போய்விட்டால், சுவரில் உள்ள வரம்புகள் அப்படியே கோடு கோடாகப் பிரிண்டில் பதிந்து வரும். கோலம் மாதிரி அழகாகக்கூட இருக்கும். அந்தக் கோடுகளைப் பார்த்தால் வேறு காரணமே தேட வேண்டாம்.

இரண்டாவது வேலை: ஒரு வெள்ளை, ஒரு சாம்பல்

நல்ல படத்தை வைத்துக் கறையைத் தேடாதீர்கள். தாள்தான் வீணாகும். இரண்டு சோதனைத் தாள் போதும்.

முதலாவது, வெளிச்சமே காட்டாத தாள். பாக்கெட்டிலிருந்து எடுத்து நேராக டிரம்முக்குள் விட்டு முழுசாகக் கழுவுங்கள். வெள்ளைவெளேர் என்று வர வேண்டும். அதில் ஏதாவது நிறம் தெரிந்தால் அது ரசாயனம் கெட்டதாலோ, வெளிச்சம் கசிந்ததாலோ, தாள் பழசானதாலோ வந்தது. வேறு வழியில்லை.

இரண்டாவது, ஒரே சீரான நடுத்தர நிறத் தாள். நெகட்டிவ் சுருளின் கடைசியில் படம் இல்லாத ஆரஞ்சுத் துண்டு இருக்கும் அல்லவா, அதை என்லார்ஜரில் வைத்து, ஃபோகஸைக் கலைத்துவிட்டு, தாள் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம் விழ வையுங்கள். சுத்தமான சாம்பல் வர வேண்டும் என்பதில்லை. பழுப்போ பச்சையோ, ரொம்பக் கறுப்பாகவும் ரொம்ப வெளுப்பாகவும் இல்லாமல் வந்தால் போதும். டிரம்மின் எல்லாக் குறையும் இந்தத் தாளில் அம்பலமாகும்.

இங்கே ஒரு சின்னச் சிக்கல். ஓரம் இருண்டிருந்தால் அது என்லார்ஜர் செய்ததா, டிரம் செய்ததா? இன்னொரு சாம்பல் தாள் போடுங்கள். இந்தத் தடவை வெளிச்சம் கொடுக்கும்போது தாளை அரைவட்டம் திருப்பி வையுங்கள், டிரம்முக்குள் விடும்போது பழைய வாக்கிலேயே விடுங்கள். இரண்டையும் நறுக்கிய மூலை ஒரே பக்கம் வரும்படி பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கறை இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தால் டிரம். இடம் மாறி எதிர்ப்பக்கம் போயிருந்தால் என்லார்ஜர். அப்படியானால் அதில் வெளிச்சத்தைக் குவிக்கும் கன்டென்சரையும் பல்பையும் பாருங்கள், டிரம்மைத் திட்டாதீர்கள்.

ஈரத்தில் எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஆர்ஏ-4 தாள் ஈரமாக இருக்கும்போது பால் கலந்த நீலப் படலம் போட்டது போலத் தெரியும். ஹேர் டிரையர் காட்டிக் காய வைத்துவிட்டுப் பாருங்கள். நான் ஈரத்தில் பார்த்த நீலத்தைக் கறை என்று நினைத்து ஒரு லிட்டர் டெவலப்பரைக் கொட்டியிருக்கிறேன். இப்போதும் வயிறு எரிகிறது.

ஒரு முனை கறுத்து, மறுமுனை வெளிறி இருந்தால்

புதிதாக வருபவர்கள் பத்துப் பேரில் பாதிப் பேர் இதில்தான் மாட்டுவார்கள் என்று நினைக்கிறேன். நானும் இதில்தான் மாட்டினேன்.

என் டார்க் ரூம் என்பது வீட்டு பாத்ரூம். டிரம்மை அதே தரையில் வைத்து உருட்டினேன். நம் ஊரில் பாத்ரூம் தரை போடும்போது கொத்தனார் என்ன செய்வார்? சாக்கடைத் துவாரத்தைப் பார்த்து வாட்டம் விட்டுத்தான் போடுவார். இல்லையென்றால் தண்ணீர் தேங்கும். அந்த வாட்டம் குளிக்க நல்லது, டிரம்முக்கு எமன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள, இருபது சென்டிமீட்டர் நீள டிரம்மில் 75 மில்லி ஊற்றிப் படுக்க வைத்தால், அடியில் நிற்கும் திரவத்தின் ஆழம் ஒரு சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. தரை ஒரே ஒரு டிகிரி சாய்ந்தாலும் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் மூன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். ஊற்றுவதை 40 மில்லியாகக் குறைத்தால் நடுவிலேயே ஆழம் ஆறு மில்லிமீட்டர்தான், மேட்டுப் பக்கம் அதைவிடக் குறைவு. அந்தப் பக்கத் தாள் அரைப் பட்டினி. நறுக்கிய மூலை இருக்கும் முனை எப்போதும் வெளிறி வந்தால், டிரம்மின் மூடிப் பக்கம் மேட்டில் இருக்கிறது என்று அர்த்தம்.

வழி எளிது. கடையில் ஒரு சின்ன ரசமட்டம் வாங்குங்கள். உருட்டும் மேஜை மீது நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துப் பாருங்கள். குமிழ் நடுவில் நிற்கும் வரை மேஜைக் காலடியில் அட்டையை மடித்துக் கொடுங்கள். போனில் உள்ள மட்டம் பார்க்கும் ஆப்கூடப் போதும், ஆனால் தாள் டிரம்முக்குள் போய் மூடி போட்ட பிறகுதான் போனை வெளியே எடுக்க வேண்டும். டிரம்மை உருட்டும் மோட்டார் வைத்திருப்பவர்கள் மோட்டார் மேல் உட்கார்ந்த டிரம்மின் முதுகில் ரசமட்டத்தை வையுங்கள். மேஜை மட்டமாக இருந்தும் மோட்டார் உருளைகள் சாய்ந்திருக்கலாம்.

கூடவே அளவையும் கூட்டிவிடுங்கள். டிரம்மில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச அளவு, எல்லாம் கச்சிதமாக அமைந்தால் போதுமான அளவு. நான் 8-க்கு 10 தாளுக்கு 100 மில்லி ஊற்றுகிறேன். மிச்சம் பிடிக்கிறேன் என்று 40 மில்லியில் ஆரம்பிப்பவர்கள் தாளில் அதைவிட அதிகம் இழப்பார்கள். கை பழகிய பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

நீளவாக்கில் ஒரு பட்டை

கறை ஒரு முனையில் இல்லாமல், மூடியிலிருந்து அடி வரை ஒரு பட்டையாக ஓடினால், உருட்டியதில்தான் கோளாறு. கையால் உருட்டுகிறவர்கள் தூளியை ஆட்டுவது போல அரைச்சுற்று இந்தப் பக்கம், அரைச்சுற்று அந்தப் பக்கம் ஆட்டுவார்கள். தாளின் ஒரு பகுதி திரவத்தைத் தொடவே தொடாது. ஒவ்வொரு பக்கமும் ஒரு முழுச் சுற்றும் கொஞ்சம் கூடுதலாகவும் போக வேண்டும். வினாடிக்கு அரைச்சுற்று முதல் ஒரு சுற்று வரை என்ற வேகம் போதும். டிரம்மின் வெளியே மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் சுற்றை எண்ணலாம்.

பட்டை தாளின் ஓரத்தை ஒட்டி, கத்தியால் வெட்டியது போல நேர்க்கோட்டில் இருந்தால், தாளின் இரண்டு ஓரமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறது. உருளையிலிருந்து நீங்களே வெட்டிய தாள் டிரம்மின் அளவைவிடப் பெரிதாக இருந்தால் இது நடக்கும். அட்டையில் ஓர் அளவுச் சட்டம் செய்து வைத்துக்கொண்டு அதில் வைத்து வெட்டுங்கள்.

மூடிக்குப் பக்கத்தில் அலை, நாக்கு, வழிந்த தடம்

இது ஊற்றும் விதத்தால் வருவது. 35 டிகிரியில் டெவலப்பருக்கு அதிகாரபூர்வ நேரம் 45 வினாடி. டெவலப்பர் ஒரு முனையைத் தொட்டு மறுமுனையை நனைக்க 7 வினாடி ஆனால், மொத்த நேரத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. அந்த வித்தியாசம் அலை அலையாகத் தெரியும்.

மூடிக்குள் கிண்ணம் உள்ள டிரம் என்றால், டிரம்மை நிமிர்த்தி வைத்து, முழு அளவையும் ஊற்றி முடித்து, பிறகு ஒரே வீச்சில் படுக்க வைத்து உடனே உருட்டுங்கள். படுத்திருக்கும் டிரம்மில் சொட்டுச் சொட்டாக ஊற்றுகிறவர்களுக்குத்தான் இந்த நாக்கு விழும்.

டெவலப்பருக்கு முன் ஒரு தண்ணீர்ச் சுற்று விடுவதும் நல்லது. அதே சூட்டுத் தண்ணீர், முப்பது வினாடி. தாள் முழுக்க ஒரே மாதிரி நனைந்திருந்தால் டெவலப்பர் சீராகப் பரவும், டிரம்மும் சூட்டுக்கு வரும். சிலர் இது வேண்டாம் என்பார்கள், உள்ளே தங்கும் தண்ணீர் டெவலப்பரை நீர்க்க வைக்கிறது என்று. நியாயம்தான். அதனால் பத்து வினாடி கவிழ்த்து நன்றாக வடியுங்கள், ஒவ்வொரு தடவையும் அதே பத்து வினாடி. 100 மில்லி ஊற்றுகிறவருக்கு ஐந்து மில்லி தண்ணீர் பெரிய விஷயமில்லை. 40 மில்லிக்காரருக்குத்தான் தலைவலி.

சொட்டுச் சொட்டாகத் திட்டு விழுந்தால் கதை வேறு. டிரம்மின் உள்சுவரில் முந்தைய தடவை கழுவிய தண்ணீர் இருந்திருக்கிறது. தாளை விடும்போதே சொட்டு எமல்ஷனில் ஒட்டிவிடும். நம் ஊர்க் காற்றில், அதுவும் கடலோரத்தில், டிரம் தானாகக் காயும் என்று காத்திருக்காதீர்கள். பழைய பருத்தி வேட்டித் துணி இருந்தால் அதுதான் சரி. டர்க்கி டவல் பஞ்சு விடும்.

முதல் பிரிண்ட் நன்றாக வந்து, இரண்டாவதிலிருந்து கறை வந்தால்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இது ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இடத்தில் விழும். நறுக்கிய மூலையை வைத்துப் பார்த்தால் ஒன்றும் ஒத்துவராது. அப்படி ஒத்துவராமல் போவதே ஓர் அடையாளம்தான். அந்த நேரத்தில் இடத்தை விட்டுவிட்டு வரிசையைப் பாருங்கள். நன்றாகக் கழுவிக் காய்ந்த டிரம்மில் போட்ட முதல் தாள் சுத்தம், அடுத்தது லேசாக, அதற்கடுத்தது மோசமாக. அப்படி என்றால் டெவலப்பருக்குள் பிளிக்ஸ் கலக்கிறது.

டெவலப்பரில் இருக்கும் மருந்து, வெளிச்சம் பட்ட வெள்ளியைத் தொட்டால்தான் ஆக்சிஜனேற்றம் அடைய வேண்டும். அப்படி மாறிய மருந்துதான் தாளில் உள்ள நிறக் கருவோடு சேர்ந்து சாயமாகிறது. பிளிக்ஸில் இருக்கும் இரும்புச் சேர்மத்துக்கு இந்த ஒழுங்கெல்லாம் கிடையாது. அது டெவலப்பரைக் கண்ட இடத்தில் மாற்றிவிடும். வெளிச்சம் பட்டதோ படவில்லையோ, அங்கே சாயம் ஏறிவிடும். ரசத்துக்குள் விட்ட கரண்டியைக் கழுவாமல் பாயசத்தில் போடுவது மாதிரிதான். ஒரு சொட்டு போதும்.

அந்தச் சொட்டு எங்கே ஒளிந்திருக்கும்? டிரம்மின் குழாயை எல்லோரும் கழுவுகிறோம், மூடியைக் கழுவுவதில்லை. மூடிக்குள் இருக்கும் கிண்ணம், அதன் அடியில் உள்ள பள்ளம், ரப்பர் வளையத்தின் பின்புறம், இந்த மூன்று இடத்தையும் பாருங்கள். ரப்பர் வளையத்தை விரலால் நெம்பி எடுத்து ஒரு வெள்ளைத் துணியில் துடைத்தேன். துணியில் செம்பழுப்பாக ஒரு வட்டம் விழுந்தது, டீ கிளாஸ் வைத்த தடம் மாதிரி. மூன்று ராத்திரியாக நான் தேடிய ரோஸ் தேமல் அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

ஒவ்வொரு பிரிண்டுக்குப் பிறகும் மூடியைப் பிரித்து, ஓடும் தண்ணீரில் கழுவி, துடையுங்கள். டெவலப்பருக்கு ஓர் அளவைக் குவளை, பிளிக்ஸுக்கு வேறு குவளை. நிறத்தால் பிரித்துவிடுங்கள். பிளிக்ஸ் தொட்ட கையுறையோடு டெவலப்பர் பாட்டிலைத் திறக்காதீர்கள். டெவலப்பரைத் திரும்ப பாட்டிலில் ஊற்றிச் சேமிக்கும் பழக்கம் இருந்தால், இந்தக் கறை நிற்கும் வரை அந்தப் பழக்கத்தை நிறுத்துங்கள். ஒரு தடவை கெட்டது பாட்டில் முழுவதையும் கெடுத்திருக்கும்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். டெவலப்பர் தாளில் தங்கி, அதே ஈரத்தோடு பிளிக்ஸைச் சந்தித்தால், அந்த நிமிடமே இதே கூத்து. வெள்ளை ஓரங்களில் ரோஸ் சாயை தெரிவது பெரும்பாலும் இதனால்தான். லேப் மெஷினில் டெவலப்பர் தொட்டியை விட்டு வரும் தாளை உருளைகள் பிழிந்து அனுப்பும். நம் டிரம்மில் பிழிய ஆளில்லை. அதனால் நடுவில் ஒரு ஸ்டாப், அதாவது டெவலப்பரின் வேலையை நிறுத்தும் அமிலக் கரைசல், வையுங்கள். கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் நான்கு, ஐந்து சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கும். அதே அளவு தண்ணீர் சேர்த்தால் இரண்டு சதவீத ஸ்டாப் தயார். முப்பது வினாடி உருட்டி, வடித்து, ஒரு தண்ணீர் அலசு அலசி, அப்புறம் பிளிக்ஸ். இதைச் சேர்த்த ராத்திரியே என் வெள்ளை ஓரங்கள் வெள்ளையாகின.

வழவழப்பான பி.வி.சி. குழாயில் சொந்தமாக டிரம் செய்தவர்களுக்கு இன்னொன்று. சுவரில் வரம்பு இல்லாததால் தாளின் முதுகு சுவரோடு அட்டையாக ஒட்டும். ஒட்டிய இடத்தில் பழைய திரவம் தங்கி, அடுத்த திரவத்தில் மெதுவாகக் கசியும். ஸ்டாப்பும் அலசலும் உங்களுக்கு இரண்டு மடங்கு அவசியம்.

வெளிச்சம் செய்யும் கறை

வெள்ளைத் தாள் சோதனையில் ஓரத்தில் மட்டும் நிறம் ஏறியிருந்தால் வெளிச்சத்தைச் சந்தேகப்படுங்கள். கறுப்பு வெள்ளைத் தாளுக்குப் போடும் சிவப்பு விளக்கு இங்கே ஆகாது. கலர் தாளுக்கு எல்லா நிறமும் தெரியும். சிவப்பு வெளிச்சம் பட்டால் சயான், அதாவது பச்சை கலந்த நீலம் ஏறும். பச்சை வெளிச்சம் பட்டால் மெஜென்டா, அதாவது ஊதா கலந்த ரோஸ். நீல வெளிச்சம் பட்டால் மஞ்சள். ஆகவே சயான் திட்டு தெரிந்தால் சிவப்பாக எரியும் ஏதாவது ஒன்றைத் தேடுங்கள். என் வீட்டில் அது பாத்ரூம் கதவிடுக்கு வழியாகத் தெரிந்த இன்வெர்ட்டரின் சிவப்புப் பொட்டு. ஹீட்டர், ஸ்டெபிலைசர், சார்ஜர் என்று எல்லா வீட்டிலும் ஒரு பொட்டாவது இருக்கும். விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கண் பழகியதும் ஒவ்வொன்றாகத் தெரிய வரும்.

வெள்ளை பி.வி.சி. குழாய் வெளிச்சத்தை உள்ளே விடும். டார்ச்சை உள்ளே வைத்து ராத்திரியில் வெளியிலிருந்து பாருங்கள், காகித விளக்கு மாதிரி ஒளிரும். வெளியே கறுப்புப் பெயின்ட் இரண்டு கோட் அடியுங்கள்.

பழைய தாளும் இதே வேஷம் போடும். ஃபிரிட்ஜில் வைத்த பாக்கெட்டை எடுத்த கையோடு பிரித்தால் நம் காற்றின் ஈரம் தாளில் வியர்த்துக்கொள்ளும். சாயங்காலமே எடுத்து வெளியே வையுங்கள், ராத்திரி பிரியுங்கள்.

தண்ணீரும் சூடும்

எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. குடத்தில் பிடித்து வைத்தால் விளிம்பில் வெள்ளை வளையம் கட்டும். அந்தத் தண்ணீரில் டெவலப்பர் கலக்காதீர்கள். மெட்ரோ வாட்டர் லாரி வரும் நாளில் பிடித்ததுகூட நாளுக்கு நாள் ஒரே மாதிரி இருப்பதில்லை. கலக்குவதற்குக் கேன் தண்ணீர்தான் சரி. இருபது லிட்டர் கேன் ஒன்று பல வாரத்துக்கு வரும். நடுவில் அலசவும் டிரம் கழுவவும் குழாய்த் தண்ணீர் போதும். கடைசி அலசல் மட்டும் மறுபடி கேன் தண்ணீர். காய்ந்த பிரிண்டில் சாய்த்துப் பார்த்தால் வட்ட வட்டமாக வெள்ளைப் படிவு தெரிகிறது என்றால் அது டிரம் செய்தது இல்லை, உப்பு. திரும்ப நனைத்துக் கேன் தண்ணீரில் அலசினால் பெரும்பாலும் போய்விடும்.

சூடு விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். குளிர் நாட்டுக்காரர்கள் 35 டிகிரிக்கு ஹீட்டரோடு மல்லுக்கட்டுகிறார்கள். நமக்குச் சித்திரையில் மொட்டைமாடி டேங்க் தண்ணீரே அதைத் தாண்டிவிடும். ஆனால் சூடு ஏற ஏற நேரம் குறையும், நேரம் குறையக் குறையத் திட்டு வர வாய்ப்பு கூடும். அதனால் நான் சூட்டை இறக்கி நேரத்தைக் கூட்டிக்கொள்கிறேன். 30 டிகிரியில் ஒன்றரை நிமிடம், 25-க்குப் பக்கத்தில் இரண்டு நிமிடம். மண்பானைத் தண்ணீரை வாளியில் ஊற்றி அதற்குள் பாட்டில்களை நிற்க வைத்தால் சூடு தானாக இறங்கும். எத்தனை டிகிரி என்பதைவிட, டெவலப்பர், டிரம், முதல் தண்ணீர் மூன்றும் ஒரே சூட்டில் இருப்பது முக்கியம். டேங்க் தண்ணீரில் நனைத்த டிரம்மில் பானையில் குளிர்ந்த டெவலப்பரை ஊற்றினால், தாளுக்குள்ளேயே இரண்டு பருவம்.

நிறம் எங்கும் மங்கி, கறுப்பு கறுப்பாக இல்லாமல் சேறாக, வெள்ளை அழுக்கு மஞ்சளாக வந்தால், பிளிக்ஸ் தீர்ந்துவிட்டது, தாளில் வெள்ளி தங்கியிருக்கிறது. உப்புப் படிவை விட்டால் இது ஒன்றுதான் திருத்தக்கூடிய கறை. அந்தப் பிரிண்டையே வெளிச்சத்தில் தட்டில் போட்டுப் புது பிளிக்ஸில் இரண்டு நிமிடம் விடுங்கள். கண் முன்னாலேயே தெளியும்.

ஒரு பிரிண்ட், ஆரம்பத்திலிருந்து

கத்தரிக்கோல், தாள், மூடி மூன்றும் கைக்கு எங்கே கிடைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை தடவிப் பாருங்கள். விளக்கை அணையுங்கள். வெளிச்சம் கொடுத்து, மூலையை நறுக்கி, காய்ந்த டிரம்முக்குள் தாளை விட்டு, எமல்ஷன் உள்பக்கம் பார்க்கிறதா என்று விரல் நகத்தால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து மூடுங்கள். இனி விளக்குப் போடலாம். கையுறை போடுங்கள், டெவலப்பர் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. அரிப்பு ஒரு தடவை வந்தால் அப்புறம் விடாது.

30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் 30 வினாடி, வடிக்கப் பத்து. டிரம்மை நிமிர்த்தி டெவலப்பர் 100 மில்லி, படுக்க வைத்த நொடியிலிருந்து 90 வினாடி, அதில் கடைசிப் பத்து வினாடி வடிப்பதற்கு. ஸ்டாப் 30 வினாடி. தண்ணீர் ஓர் அலசல். பிளிக்ஸ் 90 வினாடி. இங்கே அவசரம் வேண்டாம், கூடுதலாகப் போனால் ஒன்றும் ஆகாது. பிறகு தாளை வெளியே எடுத்து, தண்ணீரை நான்கு தடவை மாற்றி அலசி, கேன் தண்ணீரில் முக்கி, கிளிப்பில் தொங்கவிடுங்கள். காசிமேட்டுக் காற்று வரும் பக்கம் வேண்டாம், உப்பும் தூசும் ஒட்டும்.

தொங்கும் பிரிண்டின் முதுகில் என்ன மாற்றினீர்கள் என்று பென்சிலால் ஒரு வரி எழுதுங்கள். "மேஜை மட்டம் பார்த்தது." "ஸ்டாப் சேர்த்தது." ஒரு தாளுக்கு ஒரே ஒரு மாற்றம். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. மறுபடி அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

பழைய டெவலப்பரையும் பிளிக்ஸையும் ஒரே வாளியில் ஊற்றாதீர்கள். பிளிக்ஸில் உள்ள அம்மோனியம் உப்பு டெவலப்பரின் காரத்தோடு சேர்ந்தால் அம்மோனியா வாடை கிளம்பும், பக்கத்து போர்ஷன் அம்மா கதவைத் தட்டுவார். பிளிக்ஸைத் தனிக் கேனில் சேர்த்து வையுங்கள், சாக்கடையில் விட வேண்டாம். அதில் வெள்ளி இருக்கிறது. வெள்ளி தங்கிய இந்த மாதிரிக் கழிவுக் கரைசலை (பழைய ஹைப்போ என்பார்கள்) வாங்குகிறவர்கள் உண்டு, லேப்காரர்களிடம் கேட்டால் வழி சொல்வார்கள்.

அப்புறம் டிரம்மைக் கழுவி, மூடியைப் பிரித்து, ரப்பர் வளையத்தை எடுத்து, வேட்டித் துணியால் துடைத்து, வாய் கீழே பார்க்கக் கவிழ்த்து வையுங்கள். ஒரே ராத்திரியில் இரண்டு மூன்று பிரிண்ட் போட ஆசை இருந்தால் இன்னொரு டிரம் வாங்கிவிடுங்கள். ஒன்று காயும்போது மற்றதில் வேலை நடக்கும்.